நாலு புரோகிராம், நாலு பதில்

போன மாதம் நியூத்திரினோ என்ற நுண்துணிக்கை பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் கிடந்த சோதிடக் கேள்விகளை எல்லாம் கீழே தள்ளிவிட்டன. ராசிபலன் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுக்கவும். சனி பகவான் அவசரப்படுகிறவர் இல்லை.

நியூத்திரினோ எதையும் தொடாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும் என்று படித்தோம். தொடாத ஒன்று அணுக்கருவோடு மோதுவதைக் கணினியில் ஏன் செய்துபார்க்கிறார்கள்?
— ஏ.எல். மாணவி, உவர்மலை

தங்கச்சி, "தொடாது" என்பது ரியூசன் குறிப்புக்காகச் சுருக்கியது. "மிக மிக அரிதாகத் தொடும்" என்று திருத்திக்கொள்ளுங்கள். சூரியனில் இருந்து வருவது மட்டுமே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு, அதாவது உங்கள் விரல் நகத்தளவு இடத்துக்கு, செக்கனுக்கு ஏறக்குறைய 6,500 கோடி. இத்தனை போனால் எப்போதாவது ஒன்று இடறத்தானே வேண்டும்? அந்த இடறலுக்காகவே ஆயிரக்கணக்கான தொன் தண்ணீரையும் எண்ணெயையும் இரும்பையும் நிரப்பி வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஏற்றம் இல்லாதபடியால் நியூத்திரினோ கருவியில் தடம் பதிக்காது. மோதலுக்குப் பிறகு சிதறி வரும் மியூவன், புரோத்தன், பையோன் போன்ற துணிக்கைகளின் தடம்தான் கிடைக்கும். அதை வைத்து, வந்த நியூத்திரினோவின் சக்தி எவ்வளவு என்று பின்னோக்கிக் கணிக்க வேண்டும். பின்னோக்கிக் கணிப்பவருக்கு முன்னோக்கி என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த முன்னோக்கியைத்தான் கணினியில் இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சிமுலேசன் என்பது அதுதான்.

உதை எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல ஏலாதோ?
— மீனவர், திருக்கடலூர்

ஏலும் அண்ணை. சொல்லப்போனால் மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் சுகமாக விளங்கும். இரவு தொழிலுக்குப் போன வள்ளம் விடியத் திரும்புகிறது. கரையில் நிற்கிற கணக்குப்பிள்ளை, இறங்கிய மீனைப் பார்த்து, "கடலில் என்ன பட்டது" என்று எழுத வேண்டும். பட்டதெல்லாம் கரைக்கு வருமா? கறிக்கு நாலு போயிருக்கும். பக்கத்து வள்ளத்துக்குக் கொஞ்சம் கைமாறியிருக்கும். நல்ல பாரை ஒன்றைக் கொடுத்து ஐஸ் வாங்கியிருப்பார்கள். பழுதானதைத் திரும்பக் கடலிலே எறிந்திருப்பார்கள். கரையில் சூரை மட்டும் கிடக்கிறதே என்று "சூரை மட்டும் பட்டது" என்று எழுதினால் சம்மாட்டி சிரிப்பார்.

அணுக்கருவுக்குள்ளும் இதே கதைதான். நியூத்திரினோ உள்ளே இருக்கும் ஒரு நியூத்திரனில் மோதி, ஒரு மியூவனையும் ஒரு பையோனையும் உண்டாக்குகிறது என்று வையுங்கள். மியூவன் நேரே வெளியே வந்துவிடும். பையோனோ மற்றப் புரோத்தன், நியூத்திரன்களின் நெரிசலைக் கடந்து வர வேண்டும். வரும் வழியில் அது விழுங்கப்படலாம், அதன் ஏற்றம் மாறலாம், இன்னொரு துணிக்கையை இடித்து வெளியே தள்ளலாம். விழுங்கப்பட்டுவிட்டால் கருவிக்குத் தெரிவது மியூவனும் ஒன்றிரண்டு புரோத்தன்களும்தான். பார்க்கிறவர் "பையோனே உண்டாகாத எளிய மோதல்" என்று எழுதிவிடுவார். நியூத்திரினோ கொண்டுவந்த சக்தியும் கணக்கில் குறைந்துபோகும்.

வழியில் எத்தனை மீன் போயிருக்கும் என்று சொல்ல முயல்வதுதான் இந்தப் புரோகிராம்களின் தொழில். உலகத்தில் பேர்பெற்ற கணக்குப்பிள்ளைகள் நாலு பேர். ஒரே வள்ளத்துக்கு நாலு பேரும் நாலு தொகை எழுதுகிறார்கள்.

அந்த நாலு பேர் யார்?
— கணினி விஞ்ஞான மாணவன், கோணேசபுரி வளாகம்

ஜீனி, நியூட், நியூரோ, கிபூ.

நியூட் யப்பான்காரர்களுடையது. 1980-களில் கமியோக்காண்டே பரிசோதனைக்காகத் தொடங்கியது. அங்கே அவர்கள் தேடியது புரோத்தன் சிதைவை. இடையில் வந்து குழப்பும் வளிமண்டல நியூத்திரினோக்கள் எத்தனை என்று கணக்கிட ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. தேடிய சிதைவு இன்றுவரை கிடைக்கவில்லை, குழப்பவந்ததே பெரிய விஞ்ஞானமாகிவிட்டது. போட்ரானில் எழுதிய அந்தப் பழைய புரோகிராம் இன்றும் ரீ2கே பரிசோதனையின் முதுகெலும்பு.

ஜீனி அமெரிக்காவின் ஃபெர்மிலாப் பரிசோதனைகள் பலவற்றில் ஓடுவது. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது, ஆளும் பேரும் அதிகம். நியூரோ போலந்தின் விரோட்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்துக் கோட்பாட்டாளர்கள் எழுதியது. சின்னது, சுறுசுறுப்பானது, புதுக் கோட்பாடு வந்தால் முதலில் ஏற்றிப் பார்ப்பது. கிபூ ஜேர்மனியின் கீசன் நகரத்தது. கன அயன் மோதல்களுக்காகப் பிறந்து, பிறகு நியூத்திரினோவுக்கு வந்தது. நாலிலும் கோட்பாட்டுக் கண்டிப்பு அதிகம் உள்ளது இதுதான் என்று அதன் ஆட்கள் சொல்வார்கள். மற்றவர்கள் மறுப்பதில்லை. "ஓடி முடிய எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்பார்கள்.

ஐந்தாவதாக நூவான்ஸ் என்று ஒரு மூத்தவர் இருந்தார். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த கதை கீழே.

நியூத்திரினோவால் உடம்புக்குக் கெடுதி உண்டா?
— குடும்பத் தலைவி, அன்புவழிபுரம்

இந்தக் கேள்வியை நீங்கள் எழுதி முடிப்பதற்குள் கோடானுகோடி உங்களுக்குள்ளால் போய்விட்டன. எழுத்து ஆடவில்லையே!

பௌதிக விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதானே? பிறகெப்படி நாலு விடை? என்னுடைய வகுப்பில் இப்படி வந்தால் மூன்று பேருக்குப் பூச்சியம் போடுவேன்.
— ஆசிரியை, மூதூர்

ரீச்சர், உங்கள் கையில் அகப்பட்டால் நாலு பேருக்கும் பூச்சியம்தான். விதி ஒன்றே என்பது சரி. தனித்த குவார்க்கொன்றோடு நியூத்திரினோ எப்படித் தாக்கமடையும் என்பது நன்றாகத் தெரியும். சிக்கல் கருவில். காபனில் பன்னிரண்டு, இரும்பில் ஐம்பத்தாறு, ஆகனில் நாற்பது புரோத்தன் நியூத்திரன்கள் ஒன்றையொன்று இழுத்தபடி ஓயாமல் அலைகின்றன. அத்தனையையும் வைத்து எல்லா வகை மோதலுக்கும் சமன்பாட்டைத் துல்லியமாகத் தீர்க்க இன்றைக்கு எந்தக் கணினியாலும் முடியாது. ஆகவே குறுக்குவழி. ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி.

முதல் குறுக்குவழி, மோதலுக்கு முன் துணிக்கைகள் எப்படி அலைகின்றன என்பதில். 1972-இல் ஸ்மித், மோனிஸ் என்ற இருவர் எழுதிய மாதிரியில் கரு ஒரு பெட்டி. உள்ளே இருப்பவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல், ஒரு குறிப்பிட்ட உச்ச உந்தம் வரை எப்படியும் ஓடலாம். கணக்கு சுலபம் என்பதால் ஐம்பது வருடமாக அந்தப் பெட்டியை யாரும் முழுதாகத் தூக்கி எறியவில்லை. இலத்திரன்களைக் கருவில் மோதவிட்டு எடுத்த அளவீடுகள், உண்மையில் சில துணிக்கைகள் சோடி சேர்ந்துகொண்டு அந்த உச்சத்தைத் தாண்டியும் ஓடுவதைக் காட்டிவிட்டன. அதையும் சேர்க்கும் மாதிரிகள் இருக்கின்றன. சிலர் ஏற்றிக்கொண்டார்கள், சிலர் இன்னும் பெட்டியோடுதான்.

இரண்டாவது, வெளியே வரும் பயணத்தில். நியூரோவும் நியூட்டும் துணிக்கையை அடி அடியாக நடத்தி, ஒவ்வொரு அடியிலும் மோதியதா என்று கணினிச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கும். ஜீனியின் பரவலான முறையொன்று அடி அடியாக நடப்பதே இல்லை. முன்பு செய்த பரிசோதனைத் தரவை வைத்து, "இத்தனை வீதம் விழுங்கப்படும், இத்தனை வீதம் தப்பும்" என்று ஒரே சீட்டில் முடித்துவிடும். கிபூ, கருவுக்குள் உள்ள அழுத்தத்தில் துணிக்கை எப்படி வளைந்து போகும் என்பதற்கு ஒரு பெரிய சமன்பாட்டையே தீர்க்கும்.

மூன்றாவதைச் சொன்னால் பக்கம் போதாது. சுருக்கமாக: மென்மையான மோதலுக்கு ஒரு கோட்பாடும், புரோத்தனையே உடைக்கும் கடும் மோதலுக்கு இன்னொரு கோட்பாடும் உண்டு. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்க வேண்டும் என்று இயற்கை எழுதி வைக்கவில்லை. எல்லையை ஒவ்வொரு புரோகிராமும் தன் விருப்பப்படி வைத்தது.

அப்போ இதில் எது சரி?
— விவசாயி, தம்பலகாமம்

எதுவும் இல்லை ஐயா. ஓரிடத்தில் ஒன்று ஒத்துப்போகும், இன்னோரிடத்தில் அதுவே தவறும்.

இதைத் தீர்க்கவென்றே ஃபெர்மிலாப்பில் மினெர்வா என்று ஒரு கருவி 2019 வரை ஓடியது. ஈலியம், காபன், தண்ணீர், இரும்பு, ஈயம் எல்லாவற்றையும் ஒரே நியூத்திரினோக் கற்றையின் வழியில் வைத்து அளந்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் அந்தக் குழுவில் இருந்தது. அளந்த தரவைப் புரோகிராம்களோடு ஒப்பிட்டால், எதுவும் எல்லாப் படத்திலும் பொருந்தவில்லை. ஒப்பிடும் வேலைக்கென்றே ஒரு மென்பொருளும் எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் நியூசன்ஸ். வைத்தவர்கள் அனுபவப்பட்டவர்கள்.

புரோகிராமில் ஓர் எண்ணைத் திருகினால் தரவோடு பொருந்திவிடாதா? எங்கள் வேர்க்‌ஷொப்பில் அப்படித்தான் செய்வோம்.
— மோட்டார் சைக்கிள் மெக்கானிக், நிலாவெளி வீதி

பொருந்தும். அதுதான் ஆபத்து. இந்தத் துறையின் மிகப் பெரிய பாடமே அப்படித் திருகியதில் கிடைத்தது, சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அச்சுத்திணிவு என்று ஓர் எண் உண்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மோதலின் வேகம் கூடக் கூட புரோத்தனும் நியூத்திரனும் நியூத்திரினோவுக்கு எவ்வளவு விரைவாக "மங்கிப்போகின்றன" என்பதைச் சொல்லும் எண். 1970-களிலும் 80-களிலும் ஐதரசன், தூத்தேரியம் நிரப்பிய குமிழி அறைகளில் அளந்தபோது இது 1.03 அளவில் வந்தது. எல்லோரும் சம்மதம். ஃபெர்மிலாப்பின் மினிபூன், கனிய எண்ணெய் நிரப்பிய பெரிய உருண்டைத் தாங்கி. 2010-இல் அவர்கள் வெளியிட்ட எண் 1.35. அதற்கு முந்திய வருடம் செர்ன் ஆய்வகத்தின் நோமாட், கூடிய சக்தியில், அதே காபனில் பார்த்துச் சொன்னது 1.05.

ஒரு நியூத்திரன் அமெரிக்காவில் ஒரு மாதிரியும் ஐரோப்பாவில் ஒரு மாதிரியும் இருக்குமா? இருக்காது. ஆனாலும் எண்ணைக் கூட்டி வைத்தால் மினிபூன் தரவு அழகாகப் பொருந்தியது. நியூட் கூட ஒரு காலத்தில் 1.21 என்று வைத்து ஓடியது. வண்டி ஓடியது, பிழை எங்கே என்று தெரியவில்லை.

மார்ட்டினி, எரிக்சன் ஆகியோர் அடங்கிய குழு 2009-இலேயே விடையை எழுதிவிட்டிருந்தது. நியூத்திரினோ சில வேளை ஒற்றைத் துணிக்கையில் மோதுவதில்லை, சோடியாக நிற்கும் இரண்டில் ஒரேயடியாக மோதி இரண்டையும் வெளியே தள்ளிவிடுகிறது. மினிபூனின் எண்ணெய்த் தாங்கிக்கு மெதுவாக வரும் புரோத்தன்கள் தெரியாது. ஒன்று வந்ததா இரண்டு வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒற்றை மோதல் என்று எண்ணிவிட்டார்கள். ஸ்பெயினின் வலென்சியாக் குழுவும் 2011-இல் தனியே கணக்கிட்டு அதே பக்கம் வந்து சேர்ந்தது. அச்சுத்திணிவு தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

இலத்திரன் பரிசோதனைக்காரர்களுக்கு இந்தச் சோடி விவகாரம் முன்பே தெரியும். பக்கத்து அறையில் தெரிந்த விடயம் நியூத்திரினோ அறைக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம். பொருந்துகிறது என்பதற்காகத் திருகியதை அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கும் அந்தச் சோடிகளைக் கண்டிருக்க மாட்டார்கள். கார்புரேட்டரைத் திருகிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, பிஸ்டன் வளையம் தேய்ந்ததைப் பாராமல் வண்டியைக் கொடுத்தனுப்புகிறவர் உங்கள் வீதியில் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நாலும் ஒரே விடை சொன்னால் நம்பலாம்தானே?
— மொத்த வியாபாரி, கிண்ணியா

நானா, நாலு சாட்சி வந்து ஒரே மாதிரிச் சொன்னால் நீதவான் முதலில் கேட்பது என்ன? "நீங்கள் நாலு பேரும் ஒரே வீடா?"

இங்கே பாதிக்கு மேல் ஒரே வீடுதான். பையோன் உண்டாவதற்கு ரைன், சேகல் இருவரும் 1981-இல் எழுதிய கோட்பாட்டை நியூட்டும் ஜீனியும் நூவான்ஸும் எடுத்துக்கொண்டன. வலென்சியாக் குழுவின் சோடிக் கணக்கு ஜீனி, நியூட், நியூரோ மூன்றிலும் இருக்கிறது. கடும் மோதலில் துணிக்கைகள் தெறிப்பதற்கு நாலும் பித்தியா என்ற வேறொரு புரோகிராமை இரவல் வாங்குகின்றன, பதிப்புத்தான் வேறு. பித்தியாவில் ஒரு பிழை இருந்தால் நாலும் ஒற்றுமையாக அதே பிழையை விடும்.

ஆகவே நாலும் ஒத்துப்போகும் இடத்தில் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. வேறுபடும் இடம் பரவாயில்லை. அங்கே நமக்கு விடயம் தெரியாது என்பதாவது வெளிச்சமாகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் நாலு கோட்டையும் வரைந்து, மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடைப்பட்டதை "கோட்பாட்டின் நிச்சயமின்மை" என்று போடும் வழக்கம் ஒன்று உண்டு. அது எனக்குப் பிடிக்காது. உண்மை நாலு கோட்டுக்கும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சரியானதைச் சொல்லாதா?
— லப்டொப் திருத்துனர், மத்திய வீதி

சொல்லும். ஐந்தாவது விடையாக.

தேனியில் கட்டப்படாத நியூத்திரினோ ஆய்வகத்துக்கு ஆயிரம் வருடத் தரவு இருக்கிறதாமே? வடிவேலு பகிடி மாதிரி இருக்கிறது.
— ஓய்வுபெற்ற தபால் அதிபர், பாலையூற்று

பகிடி இல்லை, அச்சொட்டான உண்மை. பொட்டிபுரம் அருகே போடி மேற்கு மலையைக் குடைந்து, ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் சுரங்கப்பாதையின் முடிவில், 50,000 தொன் காந்தமூட்டிய இரும்பு அடுக்குகளை வைப்பது திட்டம். 2015 ஜனவரியில் இந்திய அமைச்சரவை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. கருவி வருமுன்பே அது என்ன காணும் என்று கணினியில் பார்த்தார்கள். மோதல்களை உண்டாக்கப் பயன்படுத்தியது நான் மேலே சொன்ன மூத்தவர் நூவான்ஸை. 1,000 வருடத்துக்குரிய மோதல்களை ஓட்டி, பிறகு 10 வருடத்துக்குச் சுருக்கினார்கள்.

காரணம் நியாயமானது. சீட்டுக் குலுக்கும் கணக்கில் எண்ணிக்கை குறைந்தால் விடை தளம்பும். ஆயிரம் வருடம் ஓட்டினால் தளம்பல் அடங்கிவிடும். ஆனால் அடங்குவது சீட்டின் தளம்பல் மட்டும். இரும்புக் கருவைப் பற்றி நூவான்ஸ் பிழையாக ஏதும் நம்பியிருந்தால், ஆயிரம் வருடமும் அதையேதான் விடாமல் நம்பும். அதனால்தான் ஒரே மோதலை இரண்டு மூன்று புரோகிராமில் ஓட்டி ஒப்பிடும் வேலை அவசியமாகிறது. லக்னோ, ஜம்மு பல்கலைக்கழகக் குழுக்கள் அமெரிக்க டியூன் பரிசோதனையின் ஆகனுக்காக இப்படி ஒப்பிட்டுக் கட்டுரைகள் எழுதியிருக்கின்றன.

தேனித் திட்டத்தின் நிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைவது, வெடி வைப்பது, புலிகளின் நடமாட்டம் என்று எதிர்ப்பு எழுந்து, வழக்குகள் நடந்து, 2022 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது. நியூத்திரினோவே ஆபத்து என்று மேடையில் முழங்கியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மலையைப் பற்றிக் கேட்டவர்களின் கேள்விகள் வேறு வகை, அவற்றுக்குக் கணினியில் விடை இல்லை. மதுரையில் 85 தொன் இரும்போடு சின்ன மாதிரிக் கருவி ஒன்று ஓடியது, அது ஆறுதல்.

இந்தியாவுக்கு இது முதல் முயற்சியும் இல்லை. கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 1965-இலேயே வளிமண்டல நியூத்திரினோவைப் பிடித்தார்கள். உலகில் முதன்முதலாக என்று சொல்லலாம். அதே வருடம் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் பிடித்ததால் இரு தரப்பும் மரியாதையாகப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தக் கோலார்ச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயர் வராது.

புல்மோட்டை மணலில் இருந்தும் நியூத்திரினோ வருகிறது என்கிறான் என் பேரன். உண்மையா?
— மூத்த குடிமகன், புல்மோட்டை

பேரன் கெட்டிக்காரன். இல்மனைற்றோடு உங்கள் மணலில் மொனசைற்றும் கொஞ்சம் கிடக்கிறது, அதற்குள் தோரியம் இருக்கிறது. ஒரு தோரியம் அணு படிப்படியாகச் சிதைந்து ஈயமாவதற்குள் நாலு எதிர்நியூத்திரினோக்களை விட்டுவிடும். தோரியத்துக்கும் இந்தத் தீவுக்கும் உறவு பழையது. தோரியனைற்று என்ற கனியத்தை 1904-இல் இங்கே கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் நடராசர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அதே யாழ்ப்பாணத்து முத்துக்குமாரசுவாமியின் மகன்தான். சிவனிடம் போகுமுன் கல் பொறுக்கிக்கொண்டு திரிந்தார்.

பூமிக்குள்ளிருந்து வரும் இத்தகைய எதிர்நியூத்திரினோக்களை யப்பானின் காம்லாண்ட் 2005-இல் கண்டுபிடித்தது. அங்கே நம்முடைய நாலு கணக்குப்பிள்ளைகளுக்கும் வேலை இல்லை. அவை ஐதரசன் கருவில் மோதுகின்றன. ஐதரசன் கருவில் இருப்பது ஒரே ஒரு புரோத்தன். வெளியே வரும் வழியில் விழுங்க யாரும் இல்லை, சண்டையும் இல்லை.

சீனன்குடாவில் இருந்து கடலடியில் நிற்கும் நீர்மூழ்கிக்கு நியூத்திரினோவில் செய்தி அனுப்ப முடியுமா?
— பெயர் வேண்டாம், சீனன்குடா

முடியும். 2012-இல் மினெர்வாவைக் கொண்டே செய்து காட்டினார்கள்: 240 மீற்றர் பாறைக்குள்ளால் "நியூத்திரினோ" என்ற ஒரே சொல். வேகம், ஒரு பிற்றுக்குப் பத்துச் செக்கன். வாங்கும் கருவியின் பாரம் 170 தொன். "தாக்குதல், உடனே மேலே வா" என்று அனுப்பி முடிவதற்குள் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருக்கும்.

ஐரோப்பாவில் கடலுக்கடியில் நியூத்திரினோத் தொலைநோக்கி வைத்திருக்கிறார்களாம். நம்முடைய குடாவும் ஆழம்தானே?
— திமிங்கிலம் காட்டும் படகோட்டி, உப்புவெளி

சிசிலிக்கு அப்பால் 3,450 மீற்றர் ஆழத்தில் கேஎம்3நெற் இருக்கிறது. 2023 பெப்ரவரி 13-ஆம் திகதி அது பிடித்த ஒரு நியூத்திரினோதான் இதுவரை கண்டதில் மிகக் கூடிய சக்தி கொண்டது. கொட்டியாரக் குடாவில் இருந்து இறங்கும் நம்முடைய கடற்பள்ளத்தாக்கும் ஆழத்தில் சளைத்தது இல்லை. ஆனால் மகாவலி வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் வாயில் கண்ணாடி உருண்டைகளைத் தொங்கவிட்டால், அவற்றைத் துடைக்க ஆள் தேட வேண்டும். உங்கள் நீலத் திமிங்கிலங்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு இப்படியே போதும்.

புரோகிராம் பிழைத்தால் யாருக்கு என்ன நட்டம்?
— வங்கி ஊழியர், லிங்கநகர்

உங்கள் மொழியிலேயே: டியூன் திட்டத்தின் செலவு 300 கோடி டொலருக்கும் மேல். சிக்காகோ அருகில் இருந்து 1,300 கிலோமீற்றர் தள்ளி, ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், திரவ ஆகன் தாங்கிகள். தேடுவது, நியூத்திரினோவும் எதிர்நியூத்திரினோவும் வழியில் உருமாறுவதில் ஏதும் வித்தியாசம் உண்டா என்பதை. பிரபஞ்சத்தில் சடப்பொருள் மிஞ்சி எதிர்ச்சடம் ஏன் காணாமற்போனது என்பதற்கு அது துப்பாகலாம். ஒற்றைத் துணிக்கையில் மோதும் எளிய மோதலில் நியூத்திரினோ நாடுவது நியூத்திரனை, எதிர்நியூத்திரினோ நாடுவது புரோத்தனை. ஆகனில் நியூத்திரன் 22, புரோத்தன் 18. இரண்டையும் புரோகிராம் ஒரே அளவில் பிழையாகக் கணித்தால் தப்பலாம். வெவ்வேறு அளவில் பிழைத்தால், இல்லாத வித்தியாசம் ஒன்று திரையில் தெரியும், அதற்கு யாராவது பரிசும் வாங்கிவிடுவார்கள்.

அருகில் ஒரு கருவி, தொலைவில் ஒரு கருவி என்று வைத்து இந்தப் பிழையைக் கழிக்கப் பார்க்கிறார்கள். பாதி கழியும். உருமாற்றத்தால் தொலைவில் போய்ச் சேரும் சக்திப் பரம்பல் வேறாகிவிடுவதால் மீதி நின்றுவிடும். யப்பானின் ரீ2கே நியூட்டை நம்புகிறது, அமெரிக்காவின் நோவா ஜீனியை. இரண்டும் 2025 ஒக்டோபரில் தரவைச் சேர்த்து நேச்சர் இதழில் ஒரே கட்டுரை வெளியிட்டன. இரண்டு பெட்டகங்களைச் சேர்க்குமுன், இரண்டு கணக்குப் புத்தகங்களும் ஒன்றோடொன்று பேசுமா என்று பார்ப்பதுதான் பெரும்பாடு.

இதில் இலங்கையர் யாரும் இல்லையா?
— நூலகர், திருகோணமலை நகரம்

கீர்த்தி தென்னக்கோன். 1972-இல் ஹவாயில் சந்தீப் பக்வாசாவோடு சேர்ந்து, நியூத்திரினோவுக்குத் திணிவு இருக்கலாம் என்று வைத்துப் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸில் கட்டுரை எழுதினார். அப்போது பாடப்புத்தகத்தில் திணிவு பூச்சியம். திணிவு உண்டு என்பதை நிலைநாட்டிய பரிசோதனைகளுக்கு 2015-இல் நோபல் கிடைத்தது. அவர் பின்னர் கண்டி அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தவர். அவருடைய பெயர் உங்கள் நூலகத்தில் எந்தத் தட்டில் இருக்கிறது?

எங்களிடம் இருப்பது எட்டு ஜிபி லப்டொப். இதில் ஏதாவது செய்ய முடியுமா?
— மூன்று மாணவர்கள், கோணேசபுரி வளாகம்

தாராளமாக. ஜீனி, நியூரோ, கிபூ மூன்றும் இலவசம், மூலநிரலோடு இறக்கலாம். லினக்ஸ் வேண்டும். நிறுவும்போது இரண்டு நாள் கண்ணீர் வரும், அது எல்லோருக்கும் பொது. முதலில் நியூரோ, அதுதான் இலகு. இரும்பை இலக்காக வையுங்கள், 3 ஜிகா இலத்திரன்வோல்ற்று நியூத்திரினோவைக் கொடுங்கள், ஓர் இலட்சம் மோதல் ஓட்டுங்கள். பையோன் எதுவும் வெளியே வராதவை எத்தனை என்று எண்ணுங்கள். அதில் எத்தனை, உள்ளே பையோன் பிறந்து விழுங்கப்பட்டவை என்று பிரியுங்கள். பிறகு அதையே ஜீனியில். அந்த இரண்டாவது எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று பேரும் தனித்தனியே, வெவ்வேறு விதை எண் கொடுத்து ஓட்டி எனக்கு அனுப்புங்கள். ஒரே புரோகிராமில் மூன்று பேருக்கும் விடை கடைசி இலக்கம் வரை ஒரே மாதிரி வந்தால், ஓட்டியது ஒருவர் என்று எழுதிவிடுவேன்.